புறத்தேற்று சோதனைத் தாள்: மாணவர்கள் எழுதிய குறைகளும் என் பதில்களும்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் முதுகலை இரண்டாம் ஆண்டுக்குப் புறத்தேற்று சோதனைகள் என்ற தாளை நடத்துகிறேன். இது ஒன்பதாவது ஆண்டு. பருவம் முடிந்ததும் மாணவர்கள் கருத்துப் படிவம் எழுதித் தருவார்கள். ‘வகுப்பு நன்றாக இருந்தது, நன்றி’ என்று எழுதுகிறவர்களால் எனக்குப் பயன் இல்லை. மற்றவர்கள் எழுதியதையெல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் பையைக் கொட்டிப் படித்தபோது, ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அவ்வளவாக மாறவில்லை என்று தெரிந்தது. ஜூனில் வரப்போகிறவர்களும் இவற்றோடுதான் வருவார்கள். ஆகவே பதில்களை இப்போதே எழுதி வைக்கிறேன்.

இந்தத் தாளில் என்னதான் இருக்கிறது?

தெளிவில்லாத ஒன்றைக் காட்டியோ, பாதியில் நிற்கும் ஒன்றைக் கொடுத்தோ, மீதியை அவரவர் நிரப்பட்டும் என்று விடுவது இந்தச் சோதனைகளின் பொதுத்தன்மை. நிரப்பும்போது ஒருவர் தம்மை அறியாமல் தம்மில் கொஞ்சத்தை வெளியே வைப்பார் என்பது நம்பிக்கை. லாரன்ஸ் ஃபிராங்க் 1939இல் இவற்றுக்குப் பொதுப்பெயர் கொடுத்தார். ஹெர்மன் ரோர்ஷாக் 1921இல் வெளியிட்ட பத்து மைத்தட அட்டைகள், ஹென்றி மரேயும் கிறிஸ்டியானா மார்கனும் உருவாக்கிய படக்கதைச் சோதனை (எல்லோரும் டி.ஏ.டி. என்றுதான் சொல்வோம்), குழந்தைகளுக்காக பெல்லாக் தம்பதியர் 1949இல் கொண்டுவந்த விலங்குப் படங்கள், சாக்ஸின் வாக்கிய நிறைவுச் சோதனை, வீடு-மரம்-ஆள் வரைதல் ஆகியவற்றைப் படிப்போம். டி.ஏ.டி.க்கும் விலங்குப் படங்களுக்கும் உமா சௌத்ரி செய்த இந்திய வடிவங்களையும் பார்ப்போம்.

இதைப் படித்தால் ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் அவர் மனதைச் சொல்லிவிடலாமா?

முடியாது. ஆனால் பாதிப் பேர் இந்த ஆசையோடுதான் வந்து சேர்கிறீர்கள். படிவத்தில் ஏமாற்றத்தையும் மறைக்காமல் எழுதுகிறீர்கள். ‘எந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று மேடம் கடைசி வரை சொல்லவே இல்லை’ என்று ஒரு படிவம். உண்மைதான், சொல்லவில்லை.

எங்கள் ஊர்க் கொடைவிழாவில் சுடலைமாடனுக்கு ஆடுகிற சாமியாடியிடம் குறி கேட்க வரிசை நிற்கும். சிறுவயதில் ஆச்சியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். ‘உனக்கு ரத்த உறவில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது’ என்றார் சாமி. ஆச்சி அழுதேவிட்டாள். மனத்தாங்கல் இல்லாத ரத்த உறவு எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்க எனக்குப் பின்னால் இருபது ஆண்டுகள் ஆயின. ஆச்சிக்கு அந்த அழுகை தேவைப்பட்டது என்று புரிய இன்னும் பத்து ஆண்டுகள். சாமியாடி செய்தது ஆறுதல் வேலை. அதையே நாம் அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தால் அது மோசடி.

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, ‘இது உங்களுக்கான தனி முடிவு’ என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். எல்லாத் தாளிலும் ஒரே வாசகம். கடைத்தெருவில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. முதல் வாரத்தில் நானும் இதையே தமிழில் செய்கிறேன். ‘வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் உங்களுக்கு ஒரு தவிப்பு உண்டு’ என்ற வரிக்குத் தலையாட்டாத மாணவரை இன்னும் பார்க்கவில்லை. இங்கே எழுதிவிட்டதால் இந்த ஆண்டு வாசகத்தை மாற்ற வேண்டியிருக்கும், போகட்டும்.

‘பாதி வகுப்பு இந்தச் சோதனைகளைக் குறை சொல்வதிலேயே போகிறது. அவ்வளவு குறை இருந்தால் எதற்காகக் கற்றுத்தர வேண்டும்?’

மிக அதிகம் பேர் எழுதிய குறை இது. நியாயமான கோபம்.

ரோர்ஷாக்கின் தந்தை ஓவிய ஆசிரியர். பள்ளியில் நண்பர்கள் மகனுக்கு வைத்த பட்டப்பெயர் ‘கிளெக்ஸ்’; மைக்கறை என்று பொருள். புத்தகம் வந்த மறு ஆண்டே, 37 வயதில், வயிற்றுக்குள் சீழ் பிடித்து அவர் இறந்துபோனார். முடிக்காத வேலை மற்றவர்கள் கைக்குப் போயிற்று. அமெரிக்காவில் ஆளுக்கொரு மதிப்பெண் முறையாக ஐந்து முறைகள் கிளம்பின. ஜான் எக்ஸ்னர் 1974இல் அவற்றைத் தொகுத்து ஒரே முறையாக்கினார். அப்போதும் சண்டை ஓயவில்லை. மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் இந்தச் சோதனையை நிறுத்தி வையுங்கள் என்று 1999இல் ஹோவர்ட் கார்ப் எழுதினார். 2013இல் ஜோனி மிஹுராவும் அவருடைய குழுவினரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சிந்தனைக் குழப்பத்தையும் புலன்காட்சித் திரிபையும் (கண்முன் இருப்பதை வேறாகக் காண்பது) காட்டும் அளவைகளுக்கு நல்ல ஆதாரம் இருந்தது. வேறு பல அளவைகளுக்கு ஆதாரம் சொற்பம், சிலவற்றுக்கு இல்லவே இல்லை. கார்ப்பின் அணியினரே 2015இல் அந்த முதல் வகையை ஒப்புக்கொண்டார்கள்.

ஆக, ‘ரோர்ஷாக் சரியா, தவறா’ என்ற கேள்விக்கு விடை கிடையாது. எந்த அளவை, எதைச் சொல்வதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஏற்புடைமை (அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா), நம்பகத்தன்மை (திரும்ப அளந்தாலும் அதுவே வருமா) என்று முதலாண்டில் மனப்பாடம் செய்தீர்களே, அவை உயிரோடு நடமாடுவது இங்கேதான்.

வரைதல் சோதனைகளின் நிலை இதைவிடப் பலவீனம். 1967இல் லோரன் சாப்மனும் ஜீன் சாப்மனும் மாணவர்களிடம் சில மனித ஓவியங்களைக் காட்டினார்கள். ஒவ்வொன்றின் கீழும் வரைந்தவரின் பிரச்சினை என்று ஏதோ ஒன்று எழுதியிருந்தது. ஓவியத்துக்கும் பிரச்சினைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபடி கலைத்துப் போட்டிருந்தார்கள். ஆனாலும், சந்தேகப் புத்தி உள்ளவர்கள் கண்ணை வேறுவிதமாக வரைகிறார்கள் என்று மாணவர்கள் ‘கண்டுபிடித்தார்கள்’. அனுபவம் மிக்க மருத்துவ உளவியலாளர்களும் அதையேதான் சொல்லி வந்தார்கள். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது நம் மாணவர்களும் கண்ணைத்தான் பிடிக்கிறார்கள். தமிழ் அதற்குப் பாதை போட்டு வைத்திருக்கிறது: ‘சந்தேகக் கண்ணோடு பார்த்தான்’ என்றுதானே சொல்கிறோம்? சொல்லில் இருக்கும் தொடர்பை ஓவியத்தில் பார்த்துவிட்டு, அனுபவத்தில் கண்டேன் என்று சத்தியம் செய்கிறோம். இந்தத் தவறை நீங்களே ஒருமுறை செய்து பார்த்துக் கூசினால்தான் பின்னால் ஒரு நோயாளியின் விஷயத்தில் கை தயங்கும். கற்றுத்தருவதற்கு எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

கையேட்டில் இருப்பதும் நம் ஊர்ப் பிள்ளைகள் வரைவதும் பொருந்தவில்லையே?

‘பனைமரத்துக்குக் கிளை கிடையாது மேடம்.’

உடன்குடிப் பக்கத்து மாணவர் ஒருவரின் படிவத்தில் இந்த ஒரு வரி மட்டுமே இருந்தது. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பருவத்தில் ஒரு சிறுவனின் ஓவியத்தை வகுப்பில் விளக்கியிருந்தேன். நெட்டுக்குத்தான ஒரு தண்டு, உச்சியில் கொத்தாகச் சில கோடுகள். வீடு-மரம்-ஆள் சோதனையை 1948இல் அமைத்த ஜான் பக்கின் வழியில், தண்டு ஒருவரின் உள்வலிமை, கிளைகள் அவர் சுற்றுப்புறத்தை நோக்கி நீட்டும் கைகள். கிளையே இல்லாததால் இந்தச் சிறுவன் சூழலோடு ஒட்டாதவன் என்றேன். தண்டில் குறுக்கே கோடு கோடாகப் போட்டிருந்தான். தண்டில் வரும் வடுக்கள் பழைய மனக்காயம் என்று படிக்கும் வழக்கம் உண்டு, அதையும் சொன்னேன். வகுப்பு முழுவதும் குனிந்து எழுதிக்கொண்டது.

அந்தப் பையன் தேரிக்காட்டுப் பையன். கதவைத் திறந்தால் செம்மண்ணும் பனையும்தான். அவன் அப்பா பனையேறி. மரம் என்றால் அவனுக்குப் பதநீர், நுங்கு, கருப்பட்டி, ஓலை, வீட்டுச் செலவு எல்லாம். பனையின் தண்டு முழுக்க மட்டை விழுந்த தழும்புதான். அதைப் பார்த்து வரைந்த பிள்ளை கவனமான பிள்ளை. நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான், ஆனால் ஆற்றங்கரைக்காரி. எனக்கு மரம் என்றால் தாமிரபரணிக் கரையின் மருதமரம், கிளை விரித்து நிற்பது.

இதில் ஜான் பக்கின் மேல் பழி போட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. வரைந்து முடித்ததும் கேட்க வேண்டிய கேள்விகளை அவர் பட்டியலே போட்டிருக்கிறார். ‘இது என்ன மரம்?’ என்பதும் அதில் உண்டு. அவசரத்தில் அந்தப் பக்கத்தைத் தாண்டியது நான்.

இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். ஓவியத்தைப் பார்த்து ஒரு சொல்லும் எழுதுவதற்கு முன், என்ன மரம், எங்கே நிற்கிறது, யார் வைத்தது என்று வரைந்தவரிடம் கேட்டு எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் ரெக்கார்டு நோட்டைத் திருப்பி அனுப்புவேன். வீட்டுப் படத்துக்கும் இதே கதைதான். புகைபோக்கியும் அதிலிருந்து எழும் புகையும் குடும்பத்தின் கதகதப்பைக் காட்டும் என்கிறார்கள். நம் ஓட்டு வீட்டில் புகை ஓட்டிடுக்கு வழியாகப் போகும். திண்ணைக்கு என்ன அர்த்தம் என்று கையேட்டில் தேடாதீர்கள், கிடைக்காது.

‘ஆள்’ இன்னும் சிக்கல். முதலில் ஆணை வரைகிறாரா, பெண்ணை வரைகிறாரா என்பதைக் கேரன் மெக்கோவர் 1949இல் பெரிதாக எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் ஆண், பெண் இருவருக்கும் பொதுவான சொல் கைவசம் இருக்கிறது. ‘ஒரு மனிதனை வரையுங்கள்’ என்று தமிழில் சொன்னால் விகுதியே ஆணைக் கேட்டுவிடுகிறது. ‘ஆள்’ என்றாலும் நம் பேச்சில் பெரும்பாலும் ஆண்தான். பெண் என்றால் ‘பொம்பளையாள்’ என்று சேர்த்துச் சொல்கிறோம். இதை வைத்துக்கொண்டு, ஆணை முதலில் வரைந்த பெண்ணைப் பற்றி என்ன முடிவுக்கு வருவது? இரண்டு ஆண்டுகள் வகுப்பில் வாதாடி, ‘யாராவது ஒருவரை முழு உருவமாக வரையுங்கள்’ என்ற வாசகத்தில் நிற்கிறோம். அதைச் சொன்னவர் ஒரு மாணவிதான்.

வாக்கிய நிறைவுச் சோதனையை ஏன் தமிழில் அப்படியே மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளக் கூடாது?

சாக்ஸின் சோதனையில் 60 தொடக்கங்கள். தந்தை, தாய், அச்சம், எதிர்காலம் என்று 15 பகுதிகள், பகுதிக்கு நான்கு. மொழிபெயர்க்க ஒரு மாலை போதும் என்று ஆண்டுதோறும் ஒரு குழு துணிச்சலாகக் கிளம்பும். மூன்றாவது தொடக்கத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

காரணம் இலக்கணம். அப்பா எப்படி இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்கும் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் ‘விரும்புகிறேன்’ என்பது முன்னால் வந்துவிடும், அப்பா அடுத்து வருவார், அதற்கு மேல் வெட்டவெளி. தமிழில் வினைமுற்று கடைசியில். ‘என் அப்பா ........ என்று விரும்புகிறேன்’ என்றால் இடைவெளி நடுவில் சிக்கிக்கொள்கிறது; அது பள்ளிக்கூடத்துக் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ ஆகிவிடுகிறது. நிரப்புகிறவரும் ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டு, சரியா என்று நம் முகத்தைப் பார்ப்பார். ‘நான் விரும்புவது என்னவென்றால்’ என்று தொடங்கினால் மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது.

அதற்கு மேல் மரியாதை விகுதி. அப்பா ‘சொன்னான்’, ‘சொன்னார்’, ‘சொன்னார்கள்’: மூன்றும் மூன்று வீடுகள். ஆங்கிலப் படிவத்தில் இதற்கு இடமே இல்லை. வினையை நாமே அச்சடித்துக் கொடுத்தால், பதில் சொல்பவர் தம் அப்பாவை எந்த விகுதியில் வைத்திருக்கிறார் என்பதை நாமே அழித்துவிடுகிறோம். ஆகவே எங்கள் பயிற்சிப் படிவத்தில் வினை வராது. ‘என் அப்பா...’, ‘அம்மாவிடம்...’, ‘ராத்திரி தனியாக இருக்கும்போது...’ என்று விட்டுவிடுகிறோம். பகுதிக்கு நான்கு என்ற கணக்கு இதில் உடைந்துவிடுகிறது, அசல் மதிப்பெண்ணோடு ஒப்பிடவும் முடியாது. இது பயிற்சிக்கு மட்டுமே என்று ஒவ்வொரு தாளின் தலையிலும் எழுதச் சொல்கிறேன்.

சொன்னபடியே எழுத வேண்டும் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்?

ஒரு மாணவி மைத்தட அட்டையைக் காட்டியபோது, வயதான அம்மா ஒருவர் ‘வெப்புராளமா இருக்கு’ என்றார். மாணவி ‘வருத்தமாக இருக்கிறது’ என்று எழுதிவந்தார். எழுத்துத் தமிழ் வேண்டும் என்று நினைத்தாராம். நம் பக்கத்து வெப்புராளத்தில் ஆற்றாமையும் பொறுமலும் பதைப்பும் சேர்ந்து கிடக்கின்றன. வருத்தம் என்றால் அத்தனையும் போயிற்று. அறிக்கையை எழுத்துத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். பதிவு, வாயில் வந்தபடி.

நீங்கள் கேட்பதும் அதே அளவு முக்கியம். ரோர்ஷாக்கின் கேள்வி ‘இது என்னவாக இருக்கலாம்?’ என்பது. ‘இது என்ன?’ என்று கேட்டீர்களோ, எதிரில் இருப்பவர் மூன்றாம் வகுப்புக்குப் போய்விடுவார். எதிரில் என்றேன், எக்ஸ்னர் முறையில் பக்கத்தில்தான் உட்கார வேண்டும், உங்கள் முகத்தைப் படித்துப் பதில் சொல்லாமல் இருக்க.

மதிப்பெண் இடுவது ஏன் இவ்வளவு நேரம் இழுக்கிறது?

இழுக்கத்தான் செய்யும். எங்கே பார்த்தார், எதனால் அப்படித் தெரிந்தது, வடிவமா நிறமா அசைவா என்று ஒவ்வொரு பதிலுக்கும் குறியீடு போட வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட வேண்டும். நான்கு பதிவேடு (ஒருவரிடம் சோதனை செய்து எழுதிய முழுப் பதிவு) கேட்டேன், குறை சொன்னீர்கள், இரண்டாகக் குறைத்தேன். ஒன்றாகக் குறைக்க மாட்டேன்.

வீட்டில் உள்ளவர்களிடம் பயிற்சி செய்யலாமா?

கூடாது. உறவினர், விடுதி அறைத்தோழி, காதலர் யாரிடமும் கூடாது. ஒரு மாணவி தன் சித்தியிடம் வாக்கிய நிறைவுச் சோதனையைச் செய்து பார்த்தாள். சித்தி மனம்விட்டு எழுதிவிட்டார். எழுதியதைச் சித்தப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்தவள் வீட்டில் இருக்கிறாள் என்பதே சித்திக்குத் தாங்கவில்லை. அந்தப் பெண் அடுத்த பொங்கலுக்கு அந்த வீட்டுக்குப் போகவில்லை.

‘பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் இல்லாத தெரு எது மேடம்?’ என்று ஒரு படிவம் கேட்டிருந்தது. சரியான கேள்வி. அதனால்தான் வேறு ஊர் மாணவர்களோடு ஆள் மாற்றிக்கொள்கிறோம். பஸ் செலவு உங்களுடையது. அது பற்றிய குறையை ஒப்புக்கொள்கிறேன், தீர்க்க வழி தெரியவில்லை.

2023 வெள்ளத்துக்குப் பிறகு எடுத்த பதிவேடுகளை ஏன் மதிப்பிட விடவில்லை?

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. வீடு, மாடு, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் தண்ணீரோடு போனவர்களை அடுத்த ஜனவரியில் உட்காரவைத்து மையைக் காட்டினீர்கள். பதிலெல்லாம் தண்ணீர். அதை ஆளுமை என்று எழுத முடியாது, நடந்தது அது. அந்த மாதம் நீங்கள் அட்டைகளை மூடி வைத்துவிட்டு நிவாரண அரிசி மூட்டை தூக்கியிருக்கலாம். சிலர் தூக்கினீர்கள். செய்முறைத் தேதியை நான் தள்ளி வைத்திருக்க வேண்டும்.

அட்டைகள் ஒரே தொகுப்புதான் இருக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. முன்பே பார்த்தவரிடம் சோதனை செல்லாது. இணையத்தில் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கட்டும், நம் கையால் வேண்டாம். நூலகத்தில் நேர அட்டவணை ஒட்டியிருக்கும்.

தம்பி ராணுவ அதிகாரித் தேர்வுக்குத் தயாராகிறான். அங்கே வரும் படக்கதைக்கு உதவலாமா?

அந்தத் தேர்வில் படத்தை 30 விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள். 60 சொற்களுக்கு, சொல்லுக்கு 15 விநாடியில், வாக்கியமும் எழுத வேண்டும். பயிற்சி நிலையங்கள் விற்கும் வீரக்கதைகளைத் தம்பி மனப்பாடம் செய்தால், அதே கதையை அன்றைக்கே பத்துப் பேர் எழுதியிருப்பார்கள். வேகமாக எழுதப் பழகச் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

இந்தத் தாளில் தேறினால் மருத்துவமனையில் இவற்றைப் பயன்படுத்தலாமா?

முடியாது. மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய, அதற்கென அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அது. மாமா வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டி வைத்தவர்களை எனக்குத் தெரியும், நீங்கள் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

கருத்துப் படிவத்தில் பெயர் எழுத வேண்டுமா?

வேண்டாம். மதிப்பெண் அனுப்பிய பிறகுதான் உறையைப் பிரிப்பேன். அப்போதும் எனக்குக் கையெழுத்து தெரிந்துவிடும் என்று சிலர் பயந்ததால், இரண்டு ஆண்டுகளாக அலுவலகத்து அண்ணாச்சி தட்டச்சு செய்து தருகிறார். அதில் ஒரே ஒரு சிக்கல்: அவர் உங்கள் தமிழைத் திருத்திவிடுகிறார். போன முறை ஒரு தாளில் ‘வருத்தமாக இருந்தது’ என்று நான்கு இடத்தில் வந்தது. அசலை வாங்கிப் பார்த்தேன், நான்கும் வேறு வேறு சொல். இந்த ஆண்டு அவருக்கும் ஒரு வகுப்பு எடுக்கவிருக்கிறேன்.